ஆளிருக்கு

இரண்டாவது தடவை கூப்பிட்டால் போகலாம். முதல் கூப்பாடு பக்கத்து வீட்டுக்காகவும் இருக்கும். வாசலுக்குப் போய்க் கதவைத் திறந்து, நமக்கில்லை என்று தெரிந்து, அசட்டுச் சிரிப்பு சிரித்துவிட்டுத் திரும்பி வர இன்றைக்குத் தெம்பில்லை.

அடுப்படியில் நின்றபடி ஜெயலக்ஷ்மி இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அண்ணாவின் ஃபோன் இன்றைக்கு இன்னும் வரவில்லை. நேற்று மத்தியானம் காய்கறி வண்டிக்காரரிடம் "கால் கிலோ போதும்" என்று சொன்னதுதான் அவள் கடைசியாகப் பேசியது. இப்போது வாயைத் திறந்தால் குரல் எப்படி வரும் என்று அவளுக்கே நிச்சயமில்லை. ஒருமுறை செருமிப் பார்த்துக்கொண்டாள்.

"வீட்ல ஆளிருக்கா?"

கேஸ்காரர்தான். சிலிண்டரைச் சிமெண்டுத் தரையில் உருட்டி நிறுத்தும் சத்தம் கூடவே வந்தது. அவள் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வருவதற்குள் மாடி வீட்டு ஜெயஷீலா மேலேயிருந்து குரல் கொடுத்துவிட்டாள்.

"ஆளிருக்குண்ணே! பெல்ல நல்லா அமுக்குங்க. அந்தம்மா உள்ளதான் இருக்கும். எங்க போவப் போவுது?"

ஜெயலக்ஷ்மி கூடத்தின் நடுவில் நின்றுவிட்டாள். கடைசியில் சொன்னது சுருக்கென்றிருந்தது உண்மைதான். ஆனால் அவளை நிறுத்தியது அது இல்லை, முதலில் வந்த சொல். ஆளிருக்கு. அது காதில் விழுந்த சொல்லாகவே இல்லை. பழுப்பேறிய மையில், வலப்பக்கம் சாய்ந்த கையெழுத்தில், இடைவெளி விடாமல் எழுதிய சொல்லாகக் கண்ணுக்குள் வந்து நின்றது.

சிலிண்டரை வாங்கினாள். கையெழுத்துப் போட்டாள். கேஸ்காரர் டியூபைச் சரிபார்த்துவிட்டுப் போகும்வரை பொறுத்திருந்து, பிறகு மேஜையில் கிடந்த நகல் கட்டைப் பிரித்தாள். முப்பத்தேழாம் பக்கம்.

முப்பத்தொரு வருஷம் நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவள் அவள். தமிழில் வருவதை ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்தில் வருவதைத் தமிழுக்கும் மாற்றி, அடியில் 'மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு' என்று எழுதிக் கையெழுத்திடுவது வேலை. கொலை, பாகப்பிரிவினை, ஜீவனாம்சம், எல்லார் வீட்டு விஷயமும் அவள் கை வழியாகப் போயிருக்கிறது. அவள் வீட்டில் பேச விஷயமே இல்லாமல் போயிற்று. அப்பா போனார், பத்து வருஷம் படுத்துக்கிடந்து அம்மா போனாள். கல்யாணம் என்ற பேச்சு எந்த வருஷத்தில் நின்றது என்று அவளுக்கு நினைவில்லை. யாரும் நிறுத்தவில்லை, தானாகத் தேய்ந்துவிட்டது. ஓய்வு பெற்றபின் மிச்சமிருந்தது ஞாயிற்றுக்கிழமை காலையில் சென்னையிலிருந்து அண்ணா ஹயக்ரீவன் பண்ணும் ஃபோன். உடம்பு எப்படி, மழை உண்டா, சரி வச்சிடட்டுமா. நாலு நிமிஷம்.

மூன்று மாதத்துக்கு முன்னால் அந்த ஃபோன் மாறியது. தூத்துக்குடியில் சில வரலாற்று ஆர்வலர்கள் சேர்ந்து, கடலில் மூழ்கிக் கிடக்கும் ஒரு சக்கரக் கப்பலைப் பற்றிச் சின்னதாக ஒரு காட்சிக்கூடம் வைக்கிறார்கள், ஒரு நூலும் போடுகிறார்கள். கப்பல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்ந்த அண்ணாவும் அந்தக் குழுவில் ஒருவர். அன்றைய விசாரணைக் கோப்பின் நகல் கிடைத்ததும் அவர் துள்ளிவிட்டார். சாட்சிகளின் தமிழ் வாக்குமூலங்களை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் அவர்களுடைய கொள்ளுத்தாத்தா, தென்திருப்பேரை மகரபூஷணம் ஐயங்கார்.

"நம்மாத்து ரத்தம்டி ஜயா! அவர் பண்ணின வேலையை நீ தமிழ்ல பண்றே. அவர் பேரும் உன் பேரும் ஒரே அட்டையில வரும்."

அதிலிருந்து தினம் ஃபோன். சில நாள் இரண்டு தடவை. கப்பலில் ஆரம்பித்து, சின்ன வயசில் நவதிருப்பதிக்கு மாட்டு வண்டியில் போனது, அவள் தேரடியில் தொலைந்துபோனது என்று பேச்சு எங்கெங்கோ போகும். மன்னியும் ஃபோனை வாங்கி இரண்டு வார்த்தை பேசுவாள். ஜெயலக்ஷ்மி காலையில் குளித்ததும் ஃபோனைச் சார்ஜில் போட்டு அருகில் நாற்காலியை இழுத்து வைத்துக்கொள்ளப் பழகிவிட்டாள்.

கப்பலின் பெயர் அராபெல்லா. ஸ்காட்லாந்தில் கட்டியது. இரண்டு விலாவிலும் இரண்டு பெரிய இரும்புச் சக்கரங்கள், அவற்றின்மேல் மரத்தால் கூடு. நீராவியில் சக்கரம் சுற்றத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும். முதலில் அது வாத்திய கோஷ்டியோடு உல்லாசப் பயணிகளை ஏற்றிக்கொண்டு திரிந்தது. பின்பக்கம் விசிறி வைத்த புதுக் கப்பல்கள் வந்ததும் ரங்கூனுக்கு விற்றார்கள். அங்கே ஆற்றில் பத்து வருஷம் அரிசி சுமந்தது. அங்கும் வேண்டாமென்றானபின் கொழும்பு ஏஜெண்டு ஒருவர் வாங்கினார். நாகப்பட்டினத்தில் காப்பித் தோட்டத்துக்கு ஆள் ஏற்றி, பாம்பன் வழியாகத் தூத்துக்குடி வந்து, இங்கும் ஏற்றிக்கொண்டு கொழும்பு போவது அதன் கடைசி வேலை. ஒவ்வொரு விற்பனைப் பத்திரத்திலும் 'இப்போதுள்ள நிலையில்' என்ற சொல் வந்தது. அதைத் தமிழ்ப்படுத்தும்போதெல்லாம் ஜெயலக்ஷ்மிக்கு என்னவோ போல் இருந்தது.

1877 மாசி மாதம், விடியற்காலையில், கீழவைப்பாருக்கு நேரே அது ஒரு பாரில் ஏறிவிட்டது. பார் என்றால் கடலடிப் பாறைத் திட்டு. முத்துச்சிப்பி படர்வது அதன்மேல்தான். கப்பல் உடனே மூழ்கவில்லை, இடப்பக்கம் சாய்ந்து மத்தியானம்வரை நின்றது. கீழவைப்பார் வள்ளங்கள் போய் எல்லாரையும் இறக்கின. கேபின் பயணிகள் ஒன்பது பேருக்கும் கோப்பில் பெயர் உண்டு. மேல்தட்டில் வந்தவர்களைப் பற்றி ஒரே வரி: 'கூலிகள், சுமார் இருநூறு. அனைவரும் காப்பாற்றப்பட்டனர்.'

'சுமார்' என்றால் 'அனைவரும்' எப்படி என்று அவள் பேனா அந்த இடத்தில் ஒரு கணம் நின்றது. நின்றது அவ்வளவுதான், மேலே போய்விட்டாள். காட்சிக்கூடத்தின் முகப்புக்கு அண்ணா ஏற்கனவே தலைப்பு கொடுத்திருந்தார்: 'ஓர் உயிரும் போகாத கப்பல்'.

முப்பத்தேழாம் பக்கம் கஸ்பார் மச்சாது என்ற முத்துக்குளிக்காரரின் வாக்குமூலம். கப்பல் மூழ்கிய நான்காம் நாள் சரக்கின் நிலையைப் பார்க்க அவரை இறக்கியிருக்கிறார்கள். கேள்வியும் பதிலுமாகத் தமிழில் ஒரு குமாஸ்தா எழுதிவைத்திருக்கிறார்.

'இடப்பக்கத்துச் சக்கரத்தைப் பார்த்தாயா?'

'பார்த்தேன்.'

'அதில் என்ன?'

'சக்கரத்துக்குள்ளே ஆளிருக்கு.'

எதிர்ப் பக்கத்தில் கொள்ளுத்தாத்தாவின் ஆங்கிலம், முத்து முத்தான எழுத்தில். சக்கரத்தினுள் சிப்பிகள் உள்ளன. ஆளி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். ஆளி என்பதும் ஒரு சிப்பிதானே. ஓரத்தில் வேறொரு கை பென்சிலால் ஆங்கிலத்தில் கேட்டிருந்தது: 'முத்துச்சிப்பியா?' அடுத்த கேள்வி நிலக்கரியைப் பற்றி. அந்தப் பக்கம் அத்தோடு முடிந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் அவளும், குமாஸ்தாவின் பழைய கையெழுத்தோடு மல்லாடாமல், தெளிவாக இருந்த ஆங்கிலத்தைப் பார்த்து 'சக்கரத்துக்குள் ஆளிச் சிப்பிகள் உள்ளன' என்று எழுதி அனுப்பிவிட்டாள். தமிழ்ப் பக்கம் கண்ணில் பட்டுக்கொண்டேதான் இருந்தது. கண்ணில் பட்டது, காதில் விழவில்லை.

கொள்ளுத்தாத்தா எப்படித் தவறினார் என்று அவளுக்கு உடனே தெரிந்தது. அதே படிப்பைத்தான் அவளும் படித்திருந்தாள். இலக்கணத்தைக் கரைத்துக் குடித்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். ஆள் என்றால் உயர்திணை. இருக்கிறான் என்று வரவேண்டும், இருக்கிறாள் என்று வரவேண்டும். 'இருக்கு' என்றால் அது அஃறிணை. ஆகவே ஆள் இல்லை, ஆளி; 'ஆளியிருக்கு' என்பதில் குமாஸ்தா ஒரு எழுத்தை விட்டுவிட்டார். ஆற்றங்கரையில் பிறந்து, கடலைக் கோர்ட்டுக் காகிதங்களில் மட்டும் பார்த்த மனிதருக்கு அதில் சந்தேகமே வந்திருக்காது. இந்தக் கரையில் சர்க்கார் கேட்டதும் சிப்பியைத்தான்.

அவள் அமலனுக்கு ஃபோன் பண்ணினாள். நூலைத் தொகுக்கிற பையன். பையன் என்ன, முப்பத்தைந்து வயசிருக்கும்.

"மேடம், விளையாடுதியளா? ஃபைலு நேத்தே சிவகாசிக்குப் போயிட்டு."

"ஒரு வரிதான் அமலன்."

"ஒரு வரியா? அட்டைய மாத்தணும், போர்ட மாத்தணும். உயிரே போகலன்னு சொல்லித்தான மேடம் எல்லாரையும் கூப்பிட்டிருக்கோம்." கொஞ்சம் நிறுத்தினான். "நெசமாவே ஆளா மேடம்?"

"அப்படித்தான் தோணறது. கடல்ல முங்கறவா யார்கிட்டயாவது கேக்கணும்."

"எங்க சிலுவை மாமா அந்தப் பக்கம் சங்குக்கு முங்கியிருக்காரு. திரேஸ்புரத்துக்குப் போங்க, சொல்லி வைக்கேன். ஆனா மேடம், உங்க அண்ணன் சரின்னு சொன்னாத்தான் நான் மாத்த முடியும். குழு அவரு கையில."

திரேஸ்புரம் கரையில் வள்ளங்கள் வந்து சேர்ந்திருந்த நேரம். சிலுவை அறுபதைத் தாண்டியவர், ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு சங்குகளைத் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்.

"வாங்கம்மா. கோர்ட்டம்மா வாராவன்னு அமலன் சொன்னான். நான் ஒரு தப்பும் பண்ணலம்மா."

"பண்ணாமலா கோர்ட்டு வீடு தேடி வருது?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"ஏலே, நீ சங்க எண்ணு. எண்ணத் தெரியாதவன்லாம் பேசுதான்." அவள் உட்கார ஒரு பிளாஸ்டிக் டிரம்மைக் கவிழ்த்துப் போட்டார். "சக்கரப் பாரப் பத்தித்தான? எங்களுக்கு அது சக்கரப் பாரு. நீங்க என்னமோ பொம்பளப் பேரு சொல்லுதியளாமே."

அவள் காகிதத்தை நீட்டினாள். கண்ணாடி இல்லை, நீங்களே வாசியுங்கள் என்றார். ஏற்ற இறக்கமில்லாமல், நீதிமன்றத்தில் வாசிப்பதுபோல் வாசித்தாள்.

சிலுவையின் கை சங்கின்மேல் நின்றது. "பாவமே," என்றார். "யாரும்மா அது? ஆம்பளையா, பொம்பளையா?"

காகிதத்தில் அது இல்லை. "ஆளி, சிப்பி... அப்படி இருக்காதா?" என்று கேட்டாள்.

"ஆளியா!" சுற்றி இருந்தவர்கள் சிரித்துவிட்டார்கள். "அது காயல்ல சேத்துல கெடக்கும்மா. அம்புட்டு ஆழத்துல அதுக்கு என்ன சோலி? அதும் நாலாம் நாளா? நாலு நாள்ல இரும்புல பாசிகூடப் புடிக்காதே."

"ஆளுன்னா 'இருக்கான்'னுதானே சொல்லணும்?"

"உங்க வீட்டு வாசல்ல ஆளிருக்கான்னு கேட்டா, நீங்க என்ன 'இருக்கான்'னா சொல்லுவிய?"

மறுபடியும் சிரிப்பு. அவளும் சிரித்தாள். தன் சிரிப்புச் சத்தம் அவளுக்கே விசித்திரமாக இருந்தது.

சிலுவை சிரிப்பை விட்டுவிட்டுச் சொன்னார். "எங்க வள்ளத்துல ஒரு வழக்கம் உண்டும்மா. கடலுக்குள்ள பொணம்னு சொல்ல மாட்டோம். கரைக்குக் கொண்டாந்து கெடத்துன பொறவுதான் பொணம். அதுவரைக்கும் ஆளு. முங்குனவன் மேல வந்து 'ஆளிருக்கு'ன்னா, வள்ளத்துல நிக்கவன் ஒரு வார்த்த கேக்க மாட்டான். கயிற எடுப்பான். எங்கய்யா காலத்துலயும் அதான், அவுக அய்யா காலத்துலயும் அதான்." காகிதத்தைப் பார்த்தார். "இந்தக் கஸ்பாரும் சொல்லிப்புட்டுக் கயித்துக்கு நின்னிருப்பாரு. எறக்கலயோ?"

"இல்ல."

"என்ன கேட்டாக?"

"நிலக்கரியைப் பத்திக் கேட்டா."

அவர் தலையை அசைத்துக்கொண்டார். ஒரு சங்கை எடுத்து, பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். "இப்ப அங்கன ஒரு சக்கரம் மண்ணுக்குள்ள போயிட்டு. இன்னொண்ணுல நாலு கம்பி நிக்கி, ஒரு களவா மீனு குடியிருக்கு. நல்ல பெருசு. நான் கைய விட்டதில்ல. எங்கய்யா விட்டதில்ல, அதனால நானும் விடல. ஏன்னு அவரு சொல்லல, நானும் கேக்கல."

ஆட்டோவில் திரும்பி வரும்போது ஜெயலக்ஷ்மி அந்த ஆளைப் பற்றியே நினைத்துக்கொண்டிருந்தாள். மாசிப் பனியில் மேல்தட்டில் படுப்பவர்களுக்குச் சக்கரக் கூட்டின் பக்கம் சூடாக இருந்திருக்கும், கொதிகலன் அங்கேதானே. கூட்டுக்குள்ளேயே நுழைந்து ஒண்டியிருக்கலாம், அல்லது கப்பல் சாய்ந்தபோது சறுக்கி விழுந்திருக்கலாம். அது தெரியப்போவதில்லை. ஆனால் ஒன்று தெரிந்தது. ஒரு குடும்பத்தோடு வந்திருந்தால் கரையில் யாராவது கதறியிருப்பார்கள். என் பிள்ளையைக் காணோம், என் அக்காளைக் காணோம் என்று வள்ளக்காரன் காலைப் பிடித்திருப்பார்கள். நூற்றிருபது பக்கக் கோப்பில் அப்படி ஒரு குரல்கூட இல்லை. யாரும் தேடாத ஆள். தனியாக வந்த ஆள். நாகப்பட்டினத்தில் ஏறியதிலிருந்து அதுவரை அந்த ஆள் யாரிடமாவது ஏதாவது பேசியிருக்குமா? கடைசியாகப் பேசியது என்னவாக இருக்கும்?

'பேசியிருக்குமா' என்றுதான் நினைத்தாள். அஃறிணையில். ஆணா பெண்ணா என்றும் தெரியாத ஒருவரை வேறு எப்படி நினைப்பது.

விழாவுக்கு மூன்று நாள் முன்னதாக முத்துநகர் எக்ஸ்பிரஸில் அண்ணா வந்து இறங்கினார். லாட்ஜ் ஏற்பாடு செய்திருந்தும் நேரே இவள் வீட்டுக்கு வந்தார். ஆறு வருஷத்துக்குப் பிறகு. குளித்து, திருமண் இட்டுக்கொண்டு, கூடத்தில் அப்பா உட்காரும் இடத்தில் உட்கார்ந்து காபி குடித்தார். வீட்டுக்குள் இன்னொருவர் நடமாடும் சத்தம், செருமல், தண்ணீர்க் குழாயை இறுக்கி மூடாமல் விட்டுப்போவது. அவள் மோர்க்குழம்பு வைத்தாள். அளவு மறந்துபோய் நாலு பேருக்கு வைத்துவிட்டாள்.

"மன்னி ஒண்ணு சொல்லச் சொன்னா ஜயா. விழா முடிஞ்சதும் உன்னைக் கையோட அழைச்சுண்டு வரச் சொல்லிருக்கா. மாடி ரூம் சும்மாத்தான் கிடக்கு. இங்க யார் இருக்கா உனக்கு?"

இந்த வாக்கியத்துக்காக அவள் எத்தனை வருஷம் காத்திருந்தாள் என்பதை அண்ணா அறியமாட்டார். கையில் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். நரைத்த புருவம், அப்பாவின் அதே காது.

"சரி, அதை அப்புறம் பேசலாம்," என்று அவரே சொன்னார். "அமலன் வரான். அவன் என்னமோ உளர்றான், நீ ஏதோ வரியை மாத்தணும்னியாமே."

அவள் சொன்னாள். கேஸ்காரர், சிலுவை, கயிறு எல்லாம். அண்ணா குறுக்கே பேசாமல் கேட்டார். அவர் முட்டாளில்லை. பாதியிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. அதற்குள் அமலன் அச்சகத்திலிருந்து வந்த மாதிரிப் பிரதியோடு வந்து வாசல் பக்கம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தான். அட்டையின் உள்பக்கம் கொள்ளுத்தாத்தா, தலைப்பாகையோடு. அதன் எதிரே 'மூலத்துக்கு உண்மையான மொழிபெயர்ப்பு' என்ற வரி. அடியில் அவள் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தார்கள். அவள் போட்டால் அதையும் அப்படியே அச்சிடுவார்கள்.

"இருக்கலாம்டி," என்றார் அண்ணா மெதுவாக. "நீ சொல்றதே சரியா இருக்கலாம். ஆனா ஒரு எழுத்து. நூத்தம்பது வருஷம் ஆச்சு. அவர் தப்புப் பண்ணினார்னு நாமளே போர்டு வைக்கணுமா? யார் வந்து கேக்கப் போறா?"

"யாரும் கேக்கலை அண்ணா. அப்பவும் கேக்கலை."

"அதான் சொல்றேன்."

"நானும் அதான் சொல்றேன்."

மேலே ஜெயஷீலா வீட்டில் குக்கர் விசிலடித்தது.

"நீ போடலேன்னா குழுவுல வேற யாராவது போட்டுடுவா. உன் பேர்தான் போகும். தாத்தா பேர் பக்கத்துல உன் பேர் இருக்கணும்னு நான் எவ்வளவு..." அவர் முடிக்கவில்லை. பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி அவள் பக்கம் நீட்டினார். சின்ன வயசில் திருவிழாவில் வாங்கிய எதையும் முதலில் அவளிடம் நீட்டுவாரே, அதே போல. "எனக்காகப் போடு ஜயா. சாப்பிட்டுட்டு டிக்கெட் போடறேன், ரெண்டு பேருக்கும்."

அவள் பேனாவைப் பார்த்தாள். மாடி ரூமை நினைத்தாள். காலையில் யாரோ 'ஜயா, எழுந்தாச்சா' என்று படியேறி வந்து கேட்பதை நினைத்தாள். இந்த வரியோடு தினசரி ஃபோன் நின்றுவிடும், ஞாயிற்றுக்கிழமை நாலு நிமிஷம்கூட வருமோ என்னவோ, அதையும் நினைத்தாள். பிரதியைத் திருப்பி முப்பத்தேழாம் பக்கத்தை எடுத்து, அச்சில் வந்திருந்த தன் வாக்கியத்தை ஒருமுறை வாசித்தாள். பிழையில்லாத, அழகான வாக்கியம்.

அதை மூடி அமலன் கையில் கொடுத்தாள்.

"நான் போடலை அண்ணா," என்றாள். தொண்டையைச் செரும வேண்டியிருக்கவில்லை.